ஏலகிரிக் குளிருக்கு ஒரு கேஸ் கணப்பு: திறந்த முகப்புச் சூடேற்றியை வடிவமைக்கும் முறை

வேலூர் ஊருக்குள் வீடு இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அங்கே மார்கழி விடியலுக்கு ஒரு கம்பளியும் சாத்திய சன்னலும் போதும். ஏலகிரியில் அத்தனாவூர், நிலாவூர் பக்கமோ, ஜவ்வாது மலையில் புதூர் நாடு, ஜமுனாமரத்தூர் பக்கமோ வீடு இருந்தால் கதை வேறு. மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்ததும் தரை சில்லிட்டுப் போகும். மலைவீடுகளில் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் சுவர். மேலே ஓடு, இல்லாவிட்டால் வெறும் கான்கிரீட் தளம். பகலில் வாங்கிய வெயிலை எட்டு மணிக்குள் விட்டுவிடும். அப்போது பலரும் செய்வது, குமுட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது. அதைப்போல் ஆபத்து வேறில்லை. கரி கனன்றுகொண்டே விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அதற்கு மாற்றாக, கேஸில் எரிந்து, வெப்பத்தை முன்பக்கம் வீசி, எரிந்த காற்றை மட்டும் குழாய் வழியே வெளியே அனுப்பும் கணப்பு ஒன்றை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே பார்ப்போம். ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டி, புகைக்கூம்பு, பிரதிபலிப்புத் தகடு, புகைபோக்கி, காற்றுவழி ஆகியவற்றை நீங்கள் வடிவமைத்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம். பர்னரும் அதன் பாதுகாப்பு வால்வும் தயாராக விற்கும் தரச்சான்று பெற்ற தொகுப்பாகவே இருக்க வேண்டும். கேஸ் இணைப்பை ஏஜென்சி மெக்கானிக்கே கொடுக்க வேண்டும். இவை இரண்டிலும் சொந்தக் கைவேலை வேண்டாம்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

கணக்குப் போடாமல் பெரிய பர்னராக வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. பர்னர் பெரிதானால் புகைக்குழாயும் பெரிதாக வேண்டும். குழாய் பெரிதானால் அறையின் சூடான காற்றும் சேர்ந்து வெளியே போகும். கேஸ் தீரும், குளிர் அப்படியே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு அறையை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கொள்ளளவு 42 கன மீட்டர். இரண்டு சுவர்கள் வெளிப்பக்கம் பார்த்தவை. வெளியே 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். வித்தியாசம் 10 டிகிரி.

இருபுறமும் பூசிய 23 செ.மீ. செங்கல் சுவர், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் சுமார் 2.1 வாட் வெப்பத்தை வெளியே விடும். சன்னல் போக மீதி 20.5 சதுர மீட்டர் சுவருக்கு 10 டிகிரி வித்தியாசத்தில் 430 வாட். ஒற்றைக் கண்ணாடிச் சன்னலுக்கு இதே அளவு 5.7 வாட், 2 சதுர மீட்டருக்கு 114 வாட். மேலே கான்கிரீட் கூரைத் தளத்துக்குச் சுமார் 3.4, 14 சதுர மீட்டருக்கு 476 வாட். இனி காற்று. கணப்பின் குழாய் வழியே மணிக்கு ஓர் அறையளவும், இடுக்குகள் வழியே இன்னொரு அறையளவும் காற்று மாறுகிறது என்று கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட் மணி ஆகும். 42 × 2 × 0.33 × 10 = 277 வாட். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1300 வாட், அதாவது 1.3 கிலோவாட்.

இந்தக் கணக்கில் கூரையைப் பாருங்கள். வெப்பம் போவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வழியாகத்தான். கூரைக்கு அடியில் பலகை உட்கூரை போட்டு நடுவில் காற்று இடைவெளி விட்டால் அந்த 476 ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தச் செலவு ஒருமுறைதான், கேஸ் செலவு ஆண்டுதோறும். கையில் பணம் அளவாக இருந்தால் முதலில் கூரை, பிறகு கணப்பு என்று போகலாம். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். வெறும் நாட்டு ஓட்டுக் கூரையில் இடுக்கு வழியாகவே காற்று போய்க்கொண்டிருக்கும் என்பதால் அங்கே உட்கூரை இல்லாமல் எந்தக் கணப்பும் பலன் தராது.

வெப்பம் எந்த வழியில் வரவேண்டும்

தீ வெப்பத்தை இரண்டு விதமாகத் தருகிறது. ஒன்று கதிர்வீச்சு: நேராக வந்து உடம்பிலும் சுவரிலும் படுவது. மற்றொன்று சூடான காற்று. காற்று கூரைக்குப் போய்த் தங்கும்; கால் சில்லிட்டிருக்கும்போது தலைக்கு மேல் மட்டும் சூடாக இருக்கும். திறந்த முகப்புக் கணப்பின் பலமே கதிர்வீச்சுதான். அறை இன்னும் குளிராக இருக்கும்போதே எதிரே உட்கார்ந்தவருக்குக் கதகதப்பு கிடைத்துவிடும்.

கேஸின் நீலச் சுடர் கதிர்வீச்சைக் குறைவாகவே தரும். அந்தச் சுடர் ஒரு திடப்பொருளைச் செக்கச்செவேலென்று பழுக்கக் காய்ச்ச வேண்டும். அந்தப் பொருள் வெப்பத்தை வீசும். வேலூர், ஆம்பூர் கடைத்தெருவில் ஷவர்மா அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த செராமிக் தட்டு ஒன்று செங்குத்தாக நின்று தணல்போல் எரியும். கேஸும் காற்றும் முன்கூட்டியே கலந்து அந்தத் துளைகள் வழியே வந்து தட்டின் மேற்பரப்பை ஒட்டியே எரிகின்றன. மேற்பரப்பு 800 முதல் 900 டிகிரிக்கு மேல்கூடப் போகும். கொடுத்த வெப்பத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கதிர்வீச்சாகவே முன்னால் வரும். நமக்கு வேண்டியது இதே தட்டு. ஆனால் ஷவர்மா அடுப்பு பர்னரையே வாங்கி மாட்டக்கூடாது. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வு அதில் பெரும்பாலும் இருக்காது.

மீதி 60 சதவீதம் எரிந்த காற்றில் இருக்கிறது. அதிலிருந்து மேலும் 25 சதவீதம் அளவுக்குத் தகடுகள் மூலம் அறைக்குள் மீட்கலாம். மிச்சம் 35 சதவீதம் புகைக்குழாயில் போகும். அதையும் பிடித்துவிடலாமே என்று தோன்றும். பிடிக்கக்கூடாது. அந்த வெப்பம்தான் புகையை மேலே இழுக்கிறது. அதை உறிஞ்சிவிட்டால் புகை அறைக்குள் திரும்பும்.

பர்னரைத் தேர்ந்தெடுப்பது

சந்தையில் கிடைக்கும் ஓர் அளவு 132 × 92 மி.மீ., 13 மி.மீ. தடிமன். பரப்பு 121 சதுர செ.மீ. இப்படி ஒரு தட்டு 1.4 கிலோவாட் தரும். நம் அறைக்கு இரண்டு தட்டு, மொத்தம் 2.8 கிலோவாட். மூன்றில் இரண்டு பங்கு அறைக்கு வந்தால் 1.8 கிலோவாட்டுக்குச் சற்று மேல். தேவை 1.3 தான் என்றாலும் சில்லிட்ட சுவரை முதல் அரைமணியில் தேற்ற அந்த உபரி வேண்டும். அறை சூடானதும் ஒரு தட்டை அணைத்துவிடும்படி தனித்தனி வால்வு உள்ள தொகுப்பாகப் பாருங்கள்.

கேஸ் செலவு: இரண்டு தட்டும் எரிந்தால் மணிக்குச் சுமார் 200 கிராம். 19 கிலோ சிலிண்டர் 95 மணி நேரம் வரும். மாலையில் 3 மணி நேரம் எரித்தால் ஒரு மாதம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கென்று தரப்படுவது. சூடேற்றிக்குத் தனி இணைப்பு கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது நான்கைப் பார்க்க வேண்டும். முதலாவது தெர்மோகப்பிள் வால்வு. தீ அணைந்த ஒரு நிமிடத்துக்குள் அது கேஸை அடைக்க வேண்டும். இரண்டாவது ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் பைலட் பர்னர் (தட்டைப் பற்றவைக்கும் சிறு தீ). அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 வாக்கில் இறங்கும்போதே இது அணைந்துவிடும். மூன்றாவது, எல்.பி.ஜி.க்கான ஜெட் (கேஸ் வெளிவரும் நுண்துளை முனை) என்று எழுதியிருக்க வேண்டும். குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டில் துளை பெரிது, அதை எல்.பி.ஜி.யில் மாட்டினால் தீ மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும். நான்காவது, இயங்கும் அழுத்தம் 30 மில்லிபார் என்று குறித்திருக்க வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது அதைத்தான்.

ஜெட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 30 மில்லிபாரில் 1.4 கிலோவாட் தட்டுக்கு ஜெட் துளை ஏறத்தாழ 0.6 மி.மீ. அடைத்துக்கொண்டது என்று யாராவது ஊசியால் குத்தி அது 0.7 ஆகிவிட்டால் கேஸ் 36 சதவீதம் கூடிவிடும். காற்று அதற்கேற்பக் கூடாது; கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அடைத்த ஜெட்டைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, வெளியில் வைத்து நன்றாகக் காயவிட்டு ஊதிப் பாருங்கள். சரியாகாவிட்டால் புதியது மாற்றுங்கள். ஊசி, கம்பி, தென்னங்குச்சி எதுவும் வேண்டாம்.

பெட்டி

ராணிப்பேட்டை, வேலூர் தகரப் பட்டறைகளில் இந்த வேலையைப் படத்தைக் கொடுத்தால் செய்துவிடுவார்கள். வெளி அளவு 480 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம், 260 மி.மீ. ஆழம். வெளிக்கூடு 20 கேஜ் இரும்புத் தகடு, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட். உள்ளே தீ படும் பகுதி எல்லாம் 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), 20 கேஜ். வெள்ளைத் தகடு எனப்படும் ஜி.ஐ. தகட்டைத் தட்டுக்கு அருகே எங்கும் வைக்கக்கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகும்; அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். அலுமினியமும் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் இடமில்லை.

செராமிக் தட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 30 முதல் 35 செ.மீ. உயரத்தில் வரட்டும், 10 டிகிரி பின்னால் சாய்ந்து சற்று மேல்நோக்கிப் பார்க்கட்டும். பாயிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தவரின் முழங்காலிலிருந்து மார்பு வரை வெப்பம் படும். தட்டின் இரு பக்கமும் பளபளப்பான எஸ்.எஸ். தகட்டை 45 டிகிரி விரித்து வையுங்கள். பக்கச் சுவர்களை இப்படி விரிப்பதால் வெப்பம் அறைக்குள் வருகிறது என்பதை 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு விறகுக் கணப்புகளுக்குச் சொல்லி வைத்தார். அவர் சொன்ன இன்னொன்று, புகைபோக்கியின் தொண்டை குறுகலாக இருக்க வேண்டும் என்பது. கேஸுக்கும் இரண்டும் அப்படியே பொருந்தும்.

தட்டுக்கு மேலே புகைக்கூம்பு. இதுதான் இந்தப் பெட்டியின் உயிர்நாடி. இங்கே ஒரு செ.மீ. தவறினாலும் புகை அறைக்குள் கசியும். கூம்பின் முன் உதடு, தட்டின் முகத்துக்கு 70 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தட்டின் மேல் விளிம்புக்கும் உதட்டுக்கும் 80 மி.மீ. உயரம். அகலத்தில் இருபுறமும் தட்டுக்கு அப்பால் 25 மி.மீ. கூடுதல். உள்ளே மேற்பகுதி 45 டிகிரிக்குக் குறையாத சரிவில் ஏறி 100 மி.மீ. குழாயில் முடிய வேண்டும். சரிவு தட்டையாக இருந்தால் சூடான காற்று மூலையில் தேங்கி உதட்டின் வழியே வழியும். உதட்டை 15 மி.மீ. கீழ்நோக்கி மடித்து விடுங்கள்; ஓரத்துக்கு வலுவும் கிடைக்கும், வழியும் புகையையும் அது பிடிக்கும். இப்படித் திறந்த கூம்பில் வேறொரு நன்மையும் இருக்கிறது. மலைக்காற்று குழாய் வழியே கீழே அடித்தால் அது உதட்டில் சிதறிப்போகும். தீயை நேராகத் தாக்காது.

பர்னரின் பின்பக்கம் கேஸும் காற்றும் கலக்கும் அறை இருக்கிறது. வெப்பத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதன்மேல் ராக்வுல் (வெப்பத்தைத் தடுக்கும் கல்பஞ்சு) சுற்றிவிடுகிறார்கள். கலவை அறை சூடேறினால் தீ துளைகளுக்குள் பின்வாங்கி உள்ளேயே எரியத் தொடங்கும். அந்தப் பக்கம் குளிர்ந்தே இருக்க வேண்டும். எனவே பர்னருக்கும் வெளிக்கூட்டின் முதுகுக்கும் நடுவில் 50 மி.மீ. இடைவெளி விட்டு, கீழே ஒரு நீளத் திறப்பும் மேலே ஒரு கிரில்லும் வையுங்கள். இரண்டும் சுமார் 200 சதுர செ.மீ. அறையின் குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, பர்னரின் முதுகைக் குளிர்வித்து, புகைக்கூம்பின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறி, மேலே கிரில் வழியாக அறைக்குத் திரும்பும். முன்பு சொன்ன 25 சதவீதம் இப்படித்தான் மீள்கிறது. இந்தக் காற்றும் புகையும் எங்கும் கலக்கக்கூடாது. கூம்பின் மூட்டுகளை ஆர்கான் வெல்டிங் செய்துவிடுங்கள். ரிவெட் அடித்தால் சூளைச் சிமென்ட் பூசுங்கள். எம்-சீல் முதல் சூட்டிலேயே கருகிவிடும்.

முன்னால் கம்பிக் காப்பு கட்டாயம். 2 மி.மீ. எஸ்.எஸ். கம்பி, 12 மி.மீ. இடைவெளி, குழந்தையின் கை நுழையாது. கம்பி மறைப்பதால் 14 சதவீத வெப்பம் குறையும். 3 மி.மீ. கம்பி போட்டால் 20 சதவீதம் போய்விடும், அதனால்தான் மெல்லிய கம்பி. தட்டிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். புடவைத் தலைப்பும் தாவணியும் வேட்டியும் உள்ள வீட்டில் இந்தக் காப்பைக் கழற்றி வைக்கும் பேச்சே இருக்கக்கூடாது. பெட்டிக்குக் கீழேயும் முன்னால் 30 செ.மீ. வரையும் கடப்பா கல் போடுங்கள். எதிரே ஒரு மீட்டருக்குள் திரை, மெத்தை, மரச்சாமான் கூடாது.

புகைக்குழாய்

2.8 கிலோவாட்டுக்கு 100 மி.மீ. விட்டமுள்ள எஸ்.எஸ். குழாய், கூம்பிலிருந்து உச்சி வரை குறைந்தது 3 மீட்டர் செங்குத்து உயரம். 110 டிகிரிப் புகை, நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 42 கன மீட்டர். நம் அறை ஒருமுறை காலியாவதற்குச் சமம். இதையே 150 மி.மீ. குழாயாகப் போட்டால் அதே வேகத்தில் 95 கன மீட்டர். இரண்டு அறைக்கு மேல் சூடான காற்றை மணிக்கு மணி மலைக்குத் தானம் செய்வீர்கள். ஆனால் 100-க்குக் கீழே இறங்காதீர்கள்; புகை திரும்பும்.

இழுவிசை எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் கவனம் தானே வரும். 3 மீட்டர் குழாயில் 120 டிகிரிப் புகை தருவது சுமார் 9 பாஸ்கல் அழுத்தம்தான். புகை 60 டிகிரிக்கு இறங்கினால் அதுவே 5-க்கும் கீழே. பக்கத்துச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைவிடப் பலமாக இழுக்கும்; கதவெல்லாம் சாத்தியிருந்தால் புகைக்குழாயையே காற்று வாங்கும் வழியாக்கிவிடும். ஆகவே கணப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடக்கூடாது. முடிந்தால் இரண்டுக்கும் ஒரே இருவழிச் சுவிட்ச் போட்டு ஒன்றுதான் ஓடும்படி செய்துவிடுங்கள்.

குழாயைச் செங்குத்தாக ஏற்றுங்கள். வளைவு வேண்டுமென்றால் 45 டிகிரி இரண்டு வரை. 90 டிகிரி முழங்கை கூடாது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த குழாயில் அது நீராக இறங்கும். அதனால் மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி மாட்டுங்கள். நீர் உள்ளேயே வழியும், மூட்டில் ஒழுகாது. கூரைக்கு வெளியே உள்ள பகுதியில் 25 மி.மீ. ராக்வுல் சுற்றி மேலே தகடு போர்த்துங்கள். பி.வி.சி. குழாய் உருகும், ஜி.ஐ. குழாய் இந்த நீரில் சில குளிர்காலங்களிலேயே ஓட்டை விழும். ஓட்டுக் கூரையில் மரச்சட்டத்திலிருந்து 75 மி.மீ. தள்ளிக் கொண்டுபோங்கள். உச்சி, கூரையின் முகட்டுக்கு மேல் 60 செ.மீ. நிற்கட்டும், தொப்பி போடுங்கள். பக்கத்தில் உயரமான சுவரோ பலாமரமோ இருந்தால் காற்று சுழன்று கீழே அடிக்கும். இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும்.

அறைக்குக் காற்று

வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். கணப்பு இருக்கும் சுவரிலேயே, தரைக்கு ஒரு சாண் மேலே, 10 × 10 செ.மீ. திறப்பு ஒன்றை நிரந்தரமாக விடுங்கள். அதை மூடும் தட்டியே இருக்கக்கூடாது. மூட முடிந்தால் குளிரில் யாராவது மூடிவிடுவார்கள். கொசுவலை போட்டால் ஒரே பருவத்தில் தூசு அடைத்துக்கொள்ளும். 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை போதும். திறப்பைக் கணப்புக்கு அருகிலேயே வைப்பதால் குளிர்காற்று அறையைக் கடந்து காலில் படாமல் நேராகத் தீக்குப் போய்விடும். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். தாழ்வான இந்தத் திறப்பு அதற்கும் வழி. மேலே, கூரையை ஒட்டி, இதே அளவில் இன்னொன்றும் வேண்டும்.

படுக்கையறையிலும் குளியலறையிலும் இந்தக் கணப்பை வைக்காதீர்கள். கூடத்தில் எரியட்டும், படுக்கப்போகும் முன் அணைத்துவிடுங்கள்.

கேஸ் குழாய்

சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்த நிலையில், சாக்கடை வாயிலோ பள்ளமோ அருகில் இல்லாத இடத்தில் நிற்கட்டும். சுவரைக் கடந்து வர 10 மி.மீ. செப்புக் குழாய், சுவருக்குள் ஓர் உறைக்குழாய் வழியே வர வேண்டும். பெட்டிக்கு அருகே கைக்கு எட்டும் இடத்தில் கேஸை அடைக்க ஒரு பால் வால்வ் (ball valve). ரெகுலேட்டரிலிருந்து செப்புக் குழாய் வரை மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா ட்யூப், ஒன்றரை மீட்டருக்கு மிகாமல். அதில் அச்சிட்டுள்ள ஆயுள் முடிந்தால் மாற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் ரப்பர் ட்யூப் போகவே கூடாது.

மெக்கானிக் வந்திருக்கும்போது ஓர் எளிய அளவை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ட்யூபை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைச் சோதனை முனையில் மாட்ட வேண்டும். 30 மில்லிபார் என்பது இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 30 செ.மீ. வித்தியாசம். சிலிண்டர் வால்வை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். மட்டம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. அசைந்தால் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர். பிறகு இரண்டு தட்டும் எரியும்போது பாருங்கள், 27 செ.மீ.க்குக் கீழே போனால் குழாய் எங்கோ நெரிந்திருக்கிறது அல்லது ரெகுலேட்டர் தளர்ந்துவிட்டது. அழுத்தம் குறைந்தாலும் தீ பின்வாங்கும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. கேஸ் மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை அடைத்து, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

முதல் முறை பற்றவைக்கும்போது

சன்னல்களைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். தகட்டில் ஒட்டிய பட்டறை எண்ணெயும் பெயின்ட் வாடையும் போகட்டும். பிறகுதான் உண்மையான சோதனை. கதவு, சன்னல் எல்லாம் சாத்துங்கள். பத்து நிமிடம் எரிந்தபின் ஒரு ஊதுபத்தியைக் கூம்பின் உதட்டுக்கு அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்துங்கள். புகை முழுதும் உள்ளே போக வேண்டும். ஓர் இடத்தில் வெளியே வழிந்தாலும் தேறவில்லை. மின்விசிறியைப் போட்டு ஒருமுறை, சமையலறை எக்ஸாஸ்டைப் போட்டு ஒருமுறை, காற்று பலமாக வீசும் நாளில் ஒருமுறை இதையே செய்யுங்கள். விசிறியால் புகை கலைந்தால் அந்த அறையில் கணப்பு எரியும்போது விசிறி ஓடக்கூடாது.

வழிந்தால் கூம்பை வெட்டத் தொடங்காதீர்கள். முதலில் சன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். அப்போது சரியானால் உள்வரும் காற்று போதவில்லை. சுவர்த் திறப்பைப் பெரிதாக்குங்கள். திறந்தும் சரியாகாவிட்டால் குழாயின் உயரமோ வளைவோ குறை. ஒரு பக்கத்தில் மட்டும் வழிந்தால் கூம்பு அந்தப் பக்கம் தட்டைவிடக் குறுகல்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அதே அறையில், கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் தரைக்கு ஒரு சாண் மேலே. இரண்டும் வேறு வேறு கருவிகள்; ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மணியில் தலைவலி வரும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணிக்குள் நினைவிழப்பு. கணப்பு எதிரே உட்கார்ந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காபி போட எழுந்திருக்காதீர்கள். வெளியே போங்கள்.

தீயைப் பார்த்துச் சொல்வது

நல்ல தட்டு, பற்றவைத்த இரண்டொரு நிமிடத்தில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுத்துவிடும். இடையே கறுப்புத் திட்டு இருந்தால் அங்கே துளைகளில் தூசு. அணைத்து, ஆறவிட்டு, மெல்லிய தூரிகையால் தட்டலாம். மஞ்சள் நாக்கு தெரிந்தால் காற்று குறைவு. காற்று நுழையும் வாயில் பஞ்சோ நூலாம்படையோ இருக்கும். தட்டு கறுத்தே இருக்க நீலச் சுடர் விலகி நின்று சீறினால் அழுத்தம் அதிகம். ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். 'டப்' என்று சத்தம் வந்து தட்டு மங்கி, உள்ளே இரைச்சல் கேட்டால் தீ பின்வாங்கிவிட்டது. உடனே வால்வை அடையுங்கள். முழுதாக ஆறியபின் தட்டில் மயிரிழை வெடிப்போ ஓரத்து அடைப்பில் சந்தோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடித்த தட்டைச் சிமென்ட் பூசி ஒட்டக்கூடாது. சூடான தட்டில் தண்ணீர் தெளித்தாலும், ஈரத்துணி பட்டாலும் வெடிக்கும். மலைவீடுகளில் துணி உலர்த்தக் கணப்பின் மேல் போடுவது வழக்கமாகிவிடுவதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பைலட் எரிகிறது, கையை எடுத்ததும் அணைகிறது என்றால் தெர்மோகப்பிள் முனை தீயில் சரியாக நனையவில்லை, அல்லது அதன் பின்புற நட்டு தளர்ந்திருக்கிறது. அரைமணி எரிந்து எரிந்து தானே அணைகிறது என்றால் பலர் பைலட்டைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது. அறையில் ஆக்சிஜன் குறைகிறது. பைலட்டைத் தொடாமல் சுவர்த் திறப்பையும் குழாயையும் பாருங்கள்.

மாசி முதல் கார்த்திகை வரை

இந்தக் கணப்பு ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் எரியும். மீதி ஒன்பது மாதம் சும்மா கிடப்பதுதான் அதற்குக் கெடுதல். நம் பக்கத்துக் குளவிகள் துளை எதைக் கண்டாலும் மண்கூடு கட்டும். சிலந்தி, பர்னரின் காற்றுக் குழலுக்குள் வலை பின்னும். குழாய் உச்சியில் பறவை கூடு வைக்கும். குளிர் போனதும் சிலிண்டரைக் கழற்றி, செப்புக் குழாயின் வாயை மூடி போட்டு அடைத்து, பெட்டியின் முகப்பைப் பருத்தித் துணியால் கட்டுங்கள். குழாய் உச்சித் தொப்பியில் 12 மி.மீ. வலை இருக்கட்டும், அதைவிடச் சிறிய கண்ணாக இருந்தால் பனியும் தூசும் சேர்ந்து அடைக்கும்.

கார்த்திகைத் தீபம் முடிந்த வாரத்தில் மறுபடி எடுக்கும்போது வரிசை இது: துணியை அவிழ்த்து, குழாய்க்குள் கண்ணாடி வைத்து மேலே வானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவர்த் திறப்பின் வலையைத் துடைக்க வேண்டும். பர்னரின் காற்றுக் குழலைப் பாட்டில் கழுவும் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். சுரக்ஷா ட்யூபின் தேதியைப் பார்த்து, அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டு, சோப்புத் தண்ணீர் சோதனை முடித்துப் பற்றவைத்து, கதவுகளைச் சாத்தி ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் அன்று மாலையே பாயை விரித்து உட்காரலாம்.